ஏச்சும் சேர்ந்து போன கசெட்

"இயந்திரம் ஓடும் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள். பதிந்ததில் எதையும் வெட்டவோ திருத்தவோ வேண்டாம்."

இயந்திரம் செய்த வெளிநாட்டுக் கொம்பனியின் அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. திகதி இருந்த மூலை ஈரம் பட்டு அழிந்துவிட்டது. மட்டக்களப்பில் புயல் அடித்ததற்கு அடுத்த வருடம், மாரிக்கு முன் வந்தது. ஆகவே 1979 என்று கணிக்கிறேன்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிளாக்கர். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, ஐஸ் உறையவைக்கும் கொம்பிரசர் 'டக், டக்' என்று தட்டத் தொடங்கியிருந்தது. ஓட்டினால் உடையும் என்ற பயம். நிறுத்தினால் ஐஸ் இல்லை. பழுது கொம்பனியுடையது என்றால் புதுப் பாகம் இலவசம். எங்கள் கைப்பிழை என்றால் மெக்கானிக்குக்கு வேலை போய்விடும். முதலாளி அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வால்வுதான் காரணம் என்று மெக்கானிக் சத்தியம் செய்தார். கழற்றிப் பார்த்தோம், வால்வு நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் கொம்பனிக்கு எழுதினோம், அந்தக் கடிதம் வந்தது.

முதலாளி கிண்ணியாக்காரர். குவைத்திலிருந்து வந்த தன் மச்சானின் ரேப் ரெக்கோடரை இரவல் வாங்கி வந்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அதில் வைத்துப் பதியத் தொடங்கினேன். எல்லோரும் மூச்சடக்கி நின்றோம். அந்த நேரம் பார்த்து, பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி சைக்கிளோடு உள்ளே வந்தார்.

"ஐஸ் தாறியளோ, இல்லாட்டி எல்லா மீனையும் கருவாடாப் போடவோ?"

"சத்தம் போடாதையுங்கோ அண்ணை, கொம்பனிக்காரன் கேக்கப்போறான்!" என்றார் மெக்கானிக்.

"கேக்கட்டும்! அவன்ர மிஷினக் கொண்டுபோய்க் கடல்ல போடச் சொல்லு!"

கோபத்தில் மெக்கானிக் மோட்டரையே நிறுத்திவிட்டார். ஏச்சு நிற்கவில்லை. ரெக்கோடரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வியாபாரியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, கசெட்டின் மறுபக்கத்தில் சுத்தமாகப் பதிந்தோம்.

"முதல் பக்கத்த அழிச்சிருங்க கிளாக்கர், மானம் போகுது" என்றார் முதலாளி.

"ஏலாது முதலாளி. ஒண்டையும் வெட்ட வேண்டாமெண்டு எழுதியிருக்கிறாங்கள்."

அரைமனதோடு விட்டார். அழுத்தம், எண்ணெய் மட்டம், வெப்பநிலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கசெட்டோடு தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்ததும் முதலாளி வாசலிலேயே வாசிக்கச் சொன்னார். சுத்தமான பக்கத்தில் அவர்களால் ஒன்றையும் பிரித்தறிய முடியவில்லையாம். மற்றப் பக்கத்தில், ஒருவர் உரக்கப் பேசும் இடத்தில், மோட்டர் நின்றபின் கொம்பிரசரைச் சுழற்றும் பெரிய சில்லு வேகம் குறையும்போது தட்டும் சத்தம் இரட்டையாகக் கேட்டதாம். சில்லு தண்டில் இறுக்கமாகப் பொருந்தவில்லை, தவறு தங்களுடையது, புதுச் சில்லு கப்பலில் வருகிறது, காசு வேண்டாம்.

மெக்கானிக் என்னை அப்படியே தூக்கிவிட்டார். புதுச் சில்லு பூட்டி, தட்டில்லாமல் ஓடிய அன்று, முதல் ஐஸ் கட்டியை முதலாளி சல்லிக்காரருக்கே கொடுத்தார். "என்ர வாயாலதான் உங்கட மிஷின் திருந்தினது!" என்று அவர் வீதி நெடுகச் சொல்லிக்கொண்டு போனார்.

எதையாவது சுத்தப்படுத்தி எழுத நினைக்கும்போது அந்த ஏச்சு இன்றும் காதில் விழுகிறது, கை நின்றுவிடுகிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தக் கசெட்டைக் கொம்பனி போட்டுக் காட்டுகிறது என்று அவர்களின் கொழும்பு முகவர் ஒருமுறை சொன்னார். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. உண்மையென்றால், சல்லிக்காரரின் குரல் எங்கள் எல்லோரையும்விடத் தூரம் போயிருக்கிறது. ஆனால் அதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.