தார்ப்பாய் போட்டு ஏற்றிய நீலக் கார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்திலிருந்து ஸ்டீபன் போன் செய்தார்.

"அண்ணே, ஸ்பீடு பிரேக்கர்ல அடிபட்டு ஆயில் சம்ப் ஒடஞ்சிட்ச்சி. ஆயில் பூரா ரோட்ல ஓடிக்கினு கீது. வர்றப்போ ஒரு தார்ப்பாய் எடுத்துக்கினு வாங்க."

"மழை எதுவும் இல்லியே தம்பி?"

"மழைக்கு இல்லண்ணே, மானத்துக்கு."

பழுதான கார்களை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி ஓட்டுவது என் தொழில். கொல்கத்தா நெடுஞ்சாலையில் பதினெட்டு வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்தில், வேகத்துக்கென்றே செய்த பழைய ஜப்பான் கார்கள் பத்துப் பன்னிரண்டு ஓடுகின்றன. ஒருவர் கார் இன்னொருவர் கண்ணில் பட்டால் ஹெட்லைட்டை இரண்டு முறை போட்டுக் காட்டுவார்கள். உடனே படம் எடுத்து, 'காட்டுப்பள்ளி ரோட்டில் நம்ம சிவப்பு' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். பெற்ற பிள்ளை பரிசு வாங்கினால்கூட அத்தனை கைதட்டல் கிடைக்காது.

ஸ்டீபன் இரும்பு கம்பெனியில் ஃபர்னஸ் சூப்பர்வைசர். அவர் குடும்பத்திலேயே முதல் கார் அந்த நீலக் கார்தான். தரையோடு ஒட்டி நின்றால்தான் அழகு என்று முந்தின வாரம் ஸ்பிரிங்கை வெட்டியிருந்தார். வேண்டாம் என்று குரூப்பில் சொன்னவர்களுக்கு, 'ஓட்டத் தெரிஞ்சவனை ஸ்பீடு பிரேக்கர் ஒண்ணும் பண்ணாது' என்று பதிலும் போட்டிருந்தார்.

தாழ்ந்த காரை அப்படியே என் வண்டியின் சரிவில் இழுத்தால் முன் பம்பர் உடைந்துவிடும். இரண்டு பலகை போட்டு, வின்ச் கம்பியால் இழுத்து மெதுவாக ஏற்றினேன். நாலு வீலுக்கும் பெல்ட் கட்டித் தார்ப்பாயால் மூடினேன். மெக்கானிக் இருப்பது செங்குன்றத்தில். வழியில் புதுவாயல். ஞாயிற்றுக்கிழமை காலையில் குரூப் கூடுவது அங்கே ஒரு டீக்கடையில்.

"வேற ரூட் இல்லியாண்ணே?"

"இந்த வண்டிக்கு இல்ல தம்பி. குனிஞ்சிக்க."

நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர் டேஷ்போர்டுக்குக் கீழே சுருண்டுகொண்டார்.

புதுவாயலில் லாரி நெரிசல். சரியாக டீக்கடைக்கு எதிரே நிற்க வேண்டியதாகிவிட்டது. சிவப்புக் கார்க்காரர் பாஸ்கர், பக்கத்து ஊரில் நெல் போடுகிறவர், டீ கிளாஸோடு வந்தார்.

"ஏன் நைனா, இன்னா லோடு?"

"கம்பெனி மெஷின்."

"மெஷினுக்குத் தங்கக் கலர்ல வீலா?"

தார்ப்பாய் கீழ்வரை எட்டவில்லை. அதற்குள் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் மூலையைத் தூக்கிப் பார்த்து, "நீலம்டா!" என்று கத்தினார். ஆளுக்கொரு போன் மேலே போனது. ஸ்டீபன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

"எடுத்துப் போடுங்கபா. நல்லா சிரிங்க" என்றார்.

அந்த ஆறு பேரில் நாலு பேருடைய காரை இதே வண்டியில், இதே தார்ப்பாய் போட்டு நான் ஏற்றியிருக்கிறேன். பாஸ்கருடையதும் அதில் உண்டு. யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டவர்கள். ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டீபன் தப்பித்துவிடுவார். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இறங்கி, தூக்கிய மூலையைத் திரும்பக் கட்டினேன்.

பாஸ்கர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"உடுங்கபா. போன தையில நானும் இதே தார்ப்பாய்ல போனவன்தான்."

"நீயுமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதைக் கேட்டு இன்னொரு "நீயுமா?" கொஞ்ச நேரத்தில் நாலு பேர் கதையும் வெளியே வந்துவிட்டது. எல்லோரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"யோவ் அண்ணே! இத்தினி நாளா எங்க கையால டீ வாங்கிக் குடிச்சிகினு, ஒரு வார்த்த சொன்னியா நீ?"

ஸ்டீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தார்ப்பாயைச் சுருட்டச் சொன்னார். முன்னால் மூன்று கார், பின்னால் மூன்று கார், நடுவில் என் வண்டி. செங்குன்றம் வரை அப்படியே போனோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் காரை ஏற்றினோம் என்பதை வெளியே சொல்லாதீர்கள். அவரவர் வாயால் வந்தால் அது சிரிப்பு. நம் வாயால் போனால் கோள்.