நெல்டா வோஸ் மேடையேறிய புதன்கிழமை

நெல்டா வோஸ் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. பிராட்வே நாடகக் கொட்டகை ஒன்றில் அவள் வேலையே காத்திருப்பதுதான். கதாநாயகி கான்ஸ்டன்ஸ் ஃபேரலுக்கு உடம்பு முடியாத நாளில் அவளுக்குப் பதிலாக மேடையேற வேண்டும். நாடகம் முடியும்வரை கொட்டகையிலிருந்து பத்து நிமிட நடைக்கு மேல் போகக்கூடாது என்று ஒப்பந்தம். அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே நாற்பத்தைந்தாம் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து ஷூவைத் தேய்த்தாள்.

நெப்ராஸ்காவில் சோளம் போடுகிறவர் மகள். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி நியூயார்க் வந்தாள். நடுவில் ஹாலிவுட்டுக்கும் போய் மூன்று படத்தில் நடித்தாள். ஒன்றில் முதுகு மட்டும் தெரியும். அடுத்ததில், "ஐயா வெளியே போயிருக்காருங்க" என்று ஒரே ஒரு வசனம். மூன்றாவதில் அதுவும் இல்லை. திரும்பி வந்தபின் ஆறு வருஷமாக இந்தக் காத்திருப்புதான். ஒரு நாள்கூட வாய்ப்பு வரவில்லை. ஃபேரல் அம்மாளுக்கு ஒரு தும்மல் வந்தால்தானே!

ஏன் வராது என்பது அம்மாளுக்கு உடை மாட்டிவிடும் எனக்குத்தான் தெரியும். வியாழன் பகலில் நெல்டாவுக்கு ஒத்திகை நடக்கும். அம்மாள் பால்கனி இருட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருமுறை காய்ச்சல் கொதிக்க என்னிடம் சொன்னாள்: "பெர்னி, அவ என்னமா நடிக்கிறாடி! ஒரு நாள் ஏத்திவிட்டா என் பொழப்பு போச்சு. கவுன் முதுகு நாடாவை இறுக்கிக் கட்டு."

எனக்குப் பொறுக்கவில்லை. நெல்டாவிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

"ஏண்டி, நீ நல்லா நடிக்கிறதுதான் உனக்கு வினை. வர்ற வியாழன் சொதப்பு."

"வேணும்னே சொதப்பவா? எனக்கு வராது பெர்னி."

"அப்ப நடந்துகிட்டே கிட!"

சொதப்பினாள், பாவம். வசனத்தை மென்று விழுங்கினாள், நாற்காலியில் போய் இடித்துக்கொண்டாள். பால்கனியில் சிரிப்புக் கேட்டது. அடுத்த புதன்கிழமையே ஃபேரல் அம்மாளுக்கு ஆறு வருஷத்துச் சளியும் சேர்ந்து வந்துவிட்டது.

மதியக் காட்சி. பெரிய பெயரைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருந்தவர்கள் திரை விழுந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் ஓரத்தில் நின்று அழுதேன், அதில் என்ன வெட்கம்? நெல்டா மேடை நடுவில் அசையாமல் நின்றாள்.

ஒப்பனை அறைக்கு நாங்கள் வந்ததும் போன் அடித்தது. ஃபேரல் அம்மாள்தான்.

"என்னடி, எப்படிப் பண்ணினா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க மேடம்! மானம் போச்சு. நீங்க நிம்மதியா படுங்க."

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் அவளே நடிக்கட்டும்."

சனிக்கிழமை இரண்டையும் சேர்த்து இன்னும் ஐந்து காட்சி! நெல்டாவிடம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிப்போனது. நான் சொன்னது பொய்யென்று தெரியும், அவளுக்காகத்தான் என்றும் தெரியும். இருந்தும் போனைப் பிடுங்கினாள்.

"மேடம், நெல்டா பேசறேன். இவ பொய் சொல்றா. நான் நல்லா நடிச்சேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க."

மறுமுனையில் போனை வைக்கும் சத்தம்.

"அடிப்பாவி! வாயை வச்சுகிட்டு சும்மா இருக்கத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"நடிப்புன்னா என்னன்னு தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான் பெர்னி. அவங்களும் என்னைக் கேவலமா நெனச்சா நான் எங்க போவேன்?"

மாலை ஏழரைக்கு, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு ஃபேரல் அம்மாள் வந்து நின்றாள். நாடாவைக் கட்ட ஆரம்பித்தேன். ஜன்னலுக்குக் கீழே நெல்டா தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே எழுந்து நின்னாங்களா?"

"நின்னாங்க மேடம்."

"இன்னும் இறுக்குடி," என்றாள்.