கோடியக்கரைக்குப் போன அரிசி

காரின் பின்கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். எங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு அரிசிப் பை உட்கார்ந்திருந்தது. வாயை இறுக்கிக் கட்டி, சாய்ந்துவிடாமல் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். என் புடவையை இந்த மனுஷன் ஒருநாளும் அவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்ததில்லை.

நாங்கள் கிளம்பியது கோடியக்கரைக் காட்டோரம் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் அங்கிருந்தே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தாள். சம்பா அறுவடை முடிந்தது, நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று, சனி ஞாயிறு எங்கேயாவது போய்ச் சும்மா இருங்கள் என்றாள். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "அம்மா, ரெண்டு நாள் நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. யாராவது ஆக்கிப் போடறத உக்காந்து சாப்பிடு."

எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் காட்டு மானைப் பார்க்காவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒருவர் சூடாகப் பரிமாற நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டதெல்லாம் விசேஷ வீடுகளில்தான். அங்கும் பாதி நாள் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில்.

அரிசி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நிலம் வைத்திருக்கிற எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் இது ஒரு வீம்பு. சொந்த நெல்லை அவித்துக் காயவைத்து, மில்லில் அரைத்து, வருஷம் பூராவும் அதைத்தான் சாப்பிடுவார்கள். கடை அரிசி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரு படி மேலே. கடை அரிசிச் சோறு தொண்டையில் இறங்காது என்பார். கல்யாணத்துக்குப் போனால் இலையில் சோறு விழாமல் கையால் மறித்துவிட்டு, பாயசத்தையும் வடையையும் தின்றுவிட்டு வருவார். வந்ததும், "ஒரு பிடி அரிசி போடேன்" என்பார். பட்டுப்புடவையோடு உலை வைத்த நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு.

ரிசார்ட் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பாலை மரங்களுக்கு நடுவில் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். வாசலில் நின்றால் காற்றில் உப்பு வாசனை. அந்த ஊர்ச் சாப்பாடுதான் அங்கே பெருமை. சமைக்கிறவள் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண், என்னைவிட இளையவள். கொடுவா மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு ரசம் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கில் நீர் ஊறியது. அந்த நேரம் பார்த்து இவர் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தார். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

அது ஒரு வருஷம் பழசான அரிசி. நிறையத் தண்ணீர் குடிக்கும், நேரமெடுத்துத்தான் வேகும். அவள் வழக்கம்போல் குக்கரில் வைத்தாள். சோறு நடு வேகாமல் நறுக்கரிசியாக வந்தது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. என் பக்கம் திரும்பி, போய் அந்தப் பொண்ணுக்குப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வா என்றார்.

சொல்லிக் கொடுக்கப் போனவள் வடித்துக் கொட்டிவிட்டு வந்தேன். ரெண்டு நாள் அடுப்புப் பக்கம் போகாதே என்றாள் மகள். வந்து இறங்கி ஒரு பொழுதுகூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது மீன் குழம்பு ஆறிக் கிடந்தது. இவர் அதை ஊற்றிப் பிசைந்து, இப்போதுதான் சோறு மாதிரி இருக்கிறது என்றார். ராத்திரியும் அதே கூத்து. நானும் போய் வடித்தேன். வந்த இடத்தில் எதற்குச் சண்டை என்று பழகிய புத்தி.

மறுநாள் காலையில் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப் போனார்கள். எங்களோடு சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதியும் இருந்தார்கள். தூரத்தில் வெளிமான் கூட்டம் நிற்கிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இவர் அவர்களுக்கு அரிசிப் பெருமை பேசிக்கொண்டு வருகிறார். பேசிவிட்டு, மத்தியானம் எங்கள் அரிசியில் சாப்பிடுங்கள், இவள் வடித்தால் மல்லிகைப்பூதான் என்று கூசாமல் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு மான் எந்தப் பக்கம் ஓடியதென்று நான் பார்க்கவில்லை.

மத்தியானம் சமையல்காரப் பெண் எங்கள் அறைக்கு வந்தாள். "ஐயா ஒலை வைக்கச் சொன்னாங்கக்கா. நீங்க வந்துதான் அரிசி போடணுமாம்" என்றாள். அவளுக்கே சங்கடமாக இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். இவர் அந்தத் தம்பதியோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் வடிக்கப் போறதில்ல. நீங்க கொண்டாந்த அரிசிய நீங்களே போய் வடிங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், ஒடம்பு முடியலையா?"

நான் முடியாது என்றால் எனக்கு நோவு வந்திருக்க வேண்டும். வேறு காரணமே அந்த மண்டையில் ஏறாது.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. சாப்பிடத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு ஆக்கிய சோற்றையே எனக்கும் போடச் சொன்னேன். கடை அரிசிதான். அதுவும் யாரோ ஒருவன் சேற்றில் இறங்கி விளைவித்த நெல்தானே? ஆவி பறக்கப் போட்டாள். குழம்பு கொதிக்கக் கொதிக்க விழுந்தது. கை சுட்டது. நான் நிதானமாகச் சாப்பிட்டேன். சென்னைக்காரர்கள் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

இவர் தட்டில் சோறு வாங்கவில்லை. இறாலைக் கொறித்தார். தண்ணீர் குடித்தார். நான் எழுந்து போவேன் என்று எதிர்பார்த்திருப்பார். பசி விடவில்லை. கடைசியில் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவளும் அதே சோற்றைப் போட்டாள்.

பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். இருமவில்லை, முகம்கூடக் கோணவில்லை. அடுத்த வாய், அதற்கடுத்த வாய். தட்டு காலியானதும், "இன்னுங் கொஞ்சம் போடும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் கோபமே இல்லை.

என் அம்மா திருவாரூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது நான் தினமும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடி வருவேன். இவருக்குச் சோறு வடிக்க வேண்டுமே. கடைச் சோறு இறங்காதே. ஒரே ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போயேன் என்று அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வந்தேன். விடிந்து போனபோது கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இந்தத் தொண்டை எங்கங்க போயிருந்துச்சு?" என்று கேட்டேன்.

உருட்டிய கவளம் அவர் கையிலேயே நின்றது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.