ஓர் அறை, மூன்று கடவுச்சீட்டுகள்

அந்த வெள்ளிக்கிழமை நான் கருவாடு வறுத்தபோது லோர்னா சன்னலைத் திறக்கவில்லை. நோயின் முதல் அறிகுறி அதுதான்.

வளைகுடா நகரமொன்றில் தனியார் பள்ளியின் நூலகத்தில் எனக்கு வேலை. பள்ளி கொடுத்த அறையில் மூவர் தங்கியிருந்தோம். மழலையர் வகுப்பில் உதவும் லோர்னா பிலிப்பைன்ஸ்காரர். துப்புரவுப் பணி செய்த சரிதா நேபாளத்தவர். சட்டி சூடேறியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலுக்கு ஓடுவது லோர்னாவின் வழக்கம். அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் வாசம் தெரியவில்லை. சரிதாவுக்கும்தான்.

பரிசோதனையில் மூவருக்கும் கொரோனா உறுதியானது. அந்நாட்டு அரசு எங்கள் கட்டடத்தைப் பூட்டிக் காவல் வைத்தது. வேளை தவறாமல் உணவும் அனுப்பியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆறாம் நாள் எனக்கு மூச்சுத் திணறியது. நிமோனியா (நுரையீரலின் நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்ளும் அழற்சி) என்றார்கள். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். ஆக்ஸிமீட்டர் (விரல்நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) காட்டிய எண் ஒன்றே அப்போது என் வாசிப்பு. அயல்நாட்டவள் என்று சிகிச்சையில் எவரும் குறை வைக்கவில்லை.

குணமானதும் மருத்துவரிடம் ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் மதுரைக்காரர்.

"உங்க நுரையீரல் விடும்மா. நாடுங்க விடுமான்னு எனக்குத் தெரியாது."

ஓரறையில் பிடித்த ஒரே நோய்க்கு மூன்று நாடுகளும் மூன்று விடைகள் சொல்லின. லோர்னாவை அவருடைய அரசு விமானத்தில் அழைத்துச்சென்று மணிலாவில் ஒரு விடுதியில் தங்கவைத்தது. என் பெயர் தூதரகப் பட்டியலில் ஏறி, ஐந்து வாரம் காத்திருந்தது. சரிதாவின் நாடு விமான நிலையத்தையே மூடிவிட்டது. நான் கிளம்பிய அன்று என் பெட்டியைக் கட்டித் தந்தவர் அவர்தான். தன் முறை எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

திருச்சியில் இறங்கியதும் படிவத்தில் மாநிலம் என்றிருந்த இடத்தில் 'புதுச்சேரி' என்று எழுதினேன். என் ஊரான காரைக்கால் அந்த மாநிலத்தைச் சேர்ந்தது; ஆனால் காரைக்கால் என்றால் வெளியூரில் பலருக்கு விளங்காது. அப்படி எழுதியே பழகிய கை. எழுதியபடியே என்னைப் புதுச்சேரிப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். விழுப்புரத்தில்தான் கண்விழித்தேன். தஞ்சாவூர் வழியாக வந்திருந்தால், அந்நேரம் என் ஊரை நெருங்கியிருப்பேன்.

காரைக்காலில், தருமபுரம் வீட்டில் காத்திருந்த என் கணவர் பீட்டரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கடலத் தாண்டி வந்துட்டு விழுப்புரத்துல வழி தவறிட்டியா? இருக்கட்டும் லூர்து. மூச்சு வுடுறல்ல, அது போதும்."

அப்போதுதான் அழுதேன்.

புதுச்சேரியில் பதினான்கு நாள் தனிமை. பின்னர், இடையிலுள்ள தமிழ்நாட்டைக் கடக்கத் தனி அனுமதிச்சீட்டு. காரைக்கால் தொடங்கும் பூவம் எல்லையில் காய்ச்சல் பார்த்த செவிலியர், வெளிநாட்டிலிருந்து வந்ததால் வீட்டிலும் பதினான்கு நாள் தனித்திருக்கச் சொன்னார். புதுச்சேரியிலேயே இருந்து முடித்துவிட்டேன் என்றேன்.

"அது புதுச்சேரிக்குங்க. இது காரைக்காலுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் இருமல் வரவில்லை.

உள்ளறையில் நான், கதவுக்கு வெளியே பீட்டர். உணவுத் தட்டை வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்று, நான் எடுக்கும்வரை பார்த்திருப்பார். பதினைந்தாம் நாள் கதவைத் திறந்து வெளியே வந்தேன். பழக்கத்தில் அவர் ஓரடி பின்வாங்கினார். உடனே வெட்கப்பட்டு அருகே வந்தார்.

சரிதா ஊர் சேர மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அவர் வீட்டு வாசலிலிருந்து அழைத்தபோதுதான் என் பயணமும் முடிந்ததாகத் தோன்றியது.

எங்கோ ஓர் அறையில் பட்டியலில் பெயர் வரக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உடல் தேறிவிட்டதா என்று அவசரப்பட்டுச் சோதிக்காதீர்கள். இன்றும் நான் மாடிப்படியில் பாதிவழியில் நிற்கிறேன். பீட்டரும் நிற்கிறார். இருவருமே மணி பார்ப்பதில்லை. மூச்சு வந்து சேர்ந்ததும் அடுத்த படியில் கால் வைக்கிறேன்.