ஜெராக்ஸ் அக்காவின் கயிறு கட்டிய பேனா

இன்று பார்த்தது ஜெராக்ஸ் அக்காவை. அடையாள அட்டையைக் கொடுத்தால், மெஷின் மூடியைத் திறந்துகொண்டே கேட்கிறார்: "எதிர்ல இருக்கே, அதுல ஜன்னல் எத்தனை, சொல்லுங்க பாப்போம்."

எதிரே இருப்பது நூற்றுப்பத்து வயதான தந்தி ஆபீஸ். தினமும் அதன் வாசலில் பஸ் ஏறுகிறவர்களே விழிக்கிறார்கள்.

"இருபத்தி மூணு. இருபத்தி நாலாவது பொய் ஜன்னல், சுவத்துல வரைஞ்சது. எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள காப்பி ரெடி."

போனவர் வேறு முகத்தோடு திரும்பி வருவார். அந்த நேரம் பார்த்து அக்கா ஆட்சேபக் கடிதத்தை நீட்டுவார்.

தந்தி ஆபீஸை இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்ட ஒரு நிறுவனம் நகராட்சிக்கு மனு போட்டிருக்கிறது. வியாழக்கிழமைக்குள் ஐந்நூறு பேர் எழுதிக் கொடுத்தால் நகராட்சி விசாரணை வைக்கும். இல்லையென்றால் கடப்பாரைதான். இன்று காலை வரை நானூற்றுப் பன்னிரண்டு. நகராட்சி அறிவிப்பு பின்சுவரில், பூனை படிக்கிற உயரத்தில் ஒட்டியிருந்தது. அக்கா அதை நான்கு மடங்கு பெரிதாக்கிக் கடைக் கதவில் ஒட்டிவிட்டார்.

கையெழுத்துப் போட கடையில் ஒரே பேனா. மேசைக் காலோடு நைலான் கயிற்றில் கட்டியிருக்கிறது. உள்ளே ஸ்பைரல் பைண்டிங் போடும் கணவருக்கு அதில் ஒரு மனத்தாங்கல்.

"என்னைக்கூட இவ்வளவு பத்திரமா வச்சுக்கல."

"நீங்க எங்க போயிடப் போறீங்க? பேனாவுக்குத்தான் கால் முளைக்கும்."

மதியம் ஒரு குமாஸ்தா வியர்த்துக்கொண்டு வந்தார். இடிக்கக் கேட்ட அதே நிறுவனத்தின் ஆள். காலையில்தான் மனுவோடு சேர்க்க இருபத்தாறு பக்கம் நகலெடுத்துப் போயிருந்தார்.

"அக்கா, பின்பக்கம் பாருங்க."

ஒவ்வொரு தாளின் முதுகிலும் ஆட்சேபக் கடிதம். அவசரத்தில் கடிதம் அச்சடித்த தாள் கட்டையே வெற்றுத் தாள் என்று மெஷினில் வைத்திருக்கிறார் அக்கா.

"நகராட்சி அதிகாரி திருப்பிப் பாத்துட்டு, இடிக்கணும்னும் நீங்களே கேக்குறீங்க, கூடாதுன்னும் நீங்களே கேக்குறீங்களான்னு சிரிக்கிறாரு. என் வேலை போயிருக்கும்க்கா."

"ஐயோ தம்பி, சத்தியமா தெரியாம நடந்துருச்சு." அக்கா முகம் வெளுத்துவிட்டது. புதுத் தாள் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

குமாஸ்தா நகர்வதாக இல்லை. "அந்தப் பழைய தாளையும் குடுங்க."

"அது எதுக்கு?"

"எங்க வீட்டுலயும், எங்க தெருவுலயும் கையெழுத்து..." என்று இழுத்தவர், எதிரே அண்ணாந்து பார்த்தார். "இடது பக்கம் மூணாவதுதானே பொய் ஜன்னல்?"

அக்கா கத்தரிக்கோலை எடுத்து நைலான் கயிற்றை வெட்டி, இருபத்தாறு தாள்களின் மேல் பேனாவை வைத்து நீட்டினார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் ஒரு நடை போய் ஜன்னலை எண்ணுங்கள். போகும்போது பேனா எடுத்துப் போங்கள். கடையில் இப்போது பேனா இல்லை.