சுகிர்தத்தின் இருபத்திரண்டு வயது

காலடிப்பேட்டை மளிகைக்கடை ராசையா அண்ணாச்சி எதையும் சட்டென்று வாங்கிவிடுகிற ஆள் இல்லை. பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசியைச் சாக்கின் நடு வயிற்றில் செருகி ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் பரப்பி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, அப்புறம்தான் தலையசைப்பார். மேலே கிடப்பதை நம்பக் கூடாது, நடுவில் இருப்பதுதான் சரக்கு என்பது அவர் கொள்கை. எடுத்த மாதிரியைத் திருப்பிக் கேட்பது வியாபாரத்தில் வழக்கமில்லை. இந்த நிதானத்தால் கடை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அதே நிதானத்தோடு மனிதர் ஃபிலிம் ஸ்கேனர் வாங்கக் கிளம்பினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

ஸ்கேனர் எதற்கு என்று தெரிய அவருக்குக் கல்யாணமான வருஷத்துக்குப் போக வேண்டும். நாசரேத் பக்கத்திலிருந்து சுகிர்தத்தைத் திருவொற்றியூருக்குக் கூட்டி வந்த புதிதில் ராசையாவிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி எண்ணூர் கடற்கரைக்குப் போவார்கள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அலைக்குப் பயந்து ஓடுவாள், ஓடியதற்காகத் தானே சிரிப்பாள். இவர் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தீரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பார். கழுவக் கொடுத்தவர், பிரிண்ட் மட்டும் போடச் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். புதுப் பெண்டாட்டியின் முகத்தை ஸ்டுடியோக்காரன் உட்கார்ந்து பார்ப்பானே என்று கூச்சம். நெகட்டிவ் என்றால் பரவாயில்லை, அதில்தான் யாரென்றே தெரியாதே! பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். கடை வந்தது, மகள் ஷெர்லின் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி மணலி புதுநகருக்குப் போனாள். அந்தப் பிறகு மட்டும் வரவே இல்லை.

ஆக, அந்தப் படங்களைச் சுகிர்தம் ஒருநாளும் படமாகப் பார்த்ததில்லை. வீடு ஒதுக்கும்போது டப்பா கையில் கிடைத்தால் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். வெள்ளை முடி, கறுத்த முகம், கறுத்த பற்கள், கரியாகப் பொங்கும் நுரை. டப்பாவுக்குள் வேறொரு எண்ணூர் இருப்பதாகவும், அங்கே வெயில் இருட்டாக அடிப்பதாகவும், அதில் ஒருத்தி களைக்காமல் ஓடிக்கொண்டே இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றும். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டுத் திரும்புவாள்.

பிறகு அவள் கண்ணுக்குக் கேடு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். போனது போனதுதான், சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் கொஞ்சகாலம் இழுத்துப் பிடிக்கலாம், முழுசாக நிறுத்துவது கஷ்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஆட்டோவுக்குள் சுகிர்தம் சொன்னாள்: “தண்ணி பைப்புக்குள்ள கண்ணை வச்சுப் பாக்குத மாதிரி இருக்குங்க. இதுவும் அடைபட்டுப் போறதுக்கு முன்னால, அந்த டப்பாவுல கெடக்காளே, அவள ஒருவாட்டி முகம் பாத்துரணும்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. இந்த ஒன்றை உலகத்திலேயே ஒசத்தியாகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி அன்றைக்கே முடிவு செய்தார். காரியம் கெட்டதும் அதனால்தான்.

ஸ்கேனரில் அத்தனை வகை இருக்கும் என்று யார் கண்டது! மூடியில் விளக்கு வைத்த தட்டையானது, நெகட்டிவ்வைச் சட்டத்தில் செருகி உள்ளே தள்ளுவது, டிபன் டப்பா அளவில் தன் முகத்திலேயே குட்டித் திரை வைத்துக்கொண்டு உடனே படத்தைக் காட்டுவது. கடைசியில் சொன்னதைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளினார். “இது வெளயாட்டுச் சாமான். கண்ணு மங்குதவளுக்கு எல்லாம் பெருசாத் தெரியணும்லா?” ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி எடுக்கும் என்பதுதான் பேச்சு. புள்ளி கூடக் கூடப் படத்தைப் பெரிதாக்கலாம். கல்லாவில் உட்கார்ந்தபடி போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தைக் கட்டிக் கொடுத்தார். மத்தியானம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்க, அண்ணாச்சி அப்படியே கண்ணயர்வார். கனவில் ஒவ்வொரு கன்டெய்னரின் பக்கவாட்டிலும் சுகிர்தம் இருபதடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டே துறைமுகத்துக்குள் போவாள்.

விழித்ததும் வியாபாரப் புத்தி வந்துவிடும். மாதிரி பார்க்காமல் எப்படி வாங்குவது? கத்தரிக்கோலை எடுத்து, ஆறு ஆறு படமாக இருந்த நெகட்டிவ் துண்டுகளின் நடுவிலிருந்து ஒவ்வொரு படமாக வெட்டினார். மேலே இருப்பதை நம்பக் கூடாதல்லவா! அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் ஒன்றைக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை, இவரும் கேட்கவில்லை. இன்னொன்றைக் கொண்டுபோய் ராயபுரத்தில் ஆல்பமும் அடையாள அட்டைப் படமும் போடுகிற ஜாபரிடம் நீட்டினார். ஜாபர் தலையில் அடித்துக்கொண்டான்.

“இன்னா அண்ணாச்சி இது? ஃபிலிமைப் போயி துண்டு துண்டா வெட்டிகினு வந்துகீறீங்க? இது இன்னா பருப்பா, கைப்பிடி அள்ளி காட்றதுக்கு? ஆறும் ஒண்ணா இருந்தாத்தான் சட்டத்துல நிக்கும். இத்த எங்க சொருவுறது?”

திட்டிக்கொண்டே கண்ணாடி மேல் வைத்து, தன் தட்டையான ஸ்கேனரில் எடுத்துக் கொடுத்தான். அண்ணாச்சி அதை வீட்டுப் பெரிய டிவியில் போட்டு, நன்றாகத் தெரியட்டுமென்று சுகிர்தத்தின் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

“தெரியுதா?”

“ஒரு முழங்கை தெரியுது. இந்தப் பக்கம் ஏதோ சேலைக்கரை.”

“முகம்?”

சுகிர்தம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினாள். காதைப் பிடித்தால் கண் போயிற்று, கண்ணைப் பிடித்தால் வாய் போயிற்று. “துண்டு துண்டாத்தான் வருது” என்றாள்.

புள்ளி போதவில்லை என்று அண்ணாச்சி முடிவு கட்டினார். இன்னும் பெரிய மெஷின், இன்னும் பெரிய டிவி. ஷெர்லின் போனில் கத்தினாள், “எதையாவது ஒண்ணு வாங்குங்கப்பா!” அவர் கேட்கவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவள் பைப் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது, கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

போன வாரம் அவர் மறுபடி ஜாபரிடம் போய் நின்றார், இன்னும் தெளிவாக வேண்டுமென்று. ஜாபருக்குப் பொறுமை போய்விட்டது. “சும்மா பேஜாரு பண்ணாதீங்க அண்ணாச்சி.” வெட்டிய துண்டை வெளிச்சப் பலகை மேல் வைத்து, தன் போனிலேயே ஒரு படம் எடுத்து, கறுப்பை வெள்ளையாக்கி வாட்ஸப்பில் தள்ளிவிட்டான். “இன்னிக்கு இத்த வச்சி பாருங்க. மெஷினை அப்பால பாத்துக்கலாம்.”

இதெல்லாம் ஒரு படமா என்று அலுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்த அண்ணாச்சி, படம் தெரிந்தபடியே போனைச் சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளர் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். சாயங்கால வெளிச்சம் அறைக்குள் மஞ்சளாகக் கிடந்தது. மேசையின் மறுமுனையிலிருந்து சுகிர்தத்தின் குரல் வந்தது.

“யாருங்க இந்தப் பிள்ள? பல்லு பூராத் தெரியச் சிரிக்கா. செருப்பக் கையில பிடிச்சிருக்கா. பின்னால கடலு.”

அண்ணாச்சி ஈரக்கையோடு ஓடி வந்தார். “தெரியுதா? இரு, பெருசாக்குதேன்!” போனை அவள் முகத்தருகே கொண்டுபோய் இரண்டு விரலால் விரித்தார்.

“ஐயோ, போச்சே! ஏன் கலைச்சீய?”

அவர் திகைத்து விரல்களைச் சேர்த்தார். படம் சுருங்கியது. “கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. ஆ, வந்துட்டா” என்றாள் சுகிர்தம். “பைப்புக்குள்ள அம்புட்டுதான கொள்ளும்? சின்னதா இருந்தா அவ மொத்தமா உள்ள வந்துருதா.”

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாளே வேண்டாமென்று தள்ளிய அந்தக் குட்டித் திரைப் பெட்டி போதும். அன்றைக்கு அவள் பைப் இன்னும் அகலம். அன்றைக்கே வாங்கியிருந்தால் எல்லாப் படத்தையும், தொலைந்துபோன அந்த ஒன்றையும் சேர்த்து, எத்தனை தடவை பார்த்திருப்பாள்! பாவி மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

“நாளைக்கே அந்தச் சின்னப் பெட்டிய வாங்கிருதேன், சுகிர்தம்.”

“மாதிரி கேக்காம வாங்குங்க” என்றாள் அவள். கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, “இந்தப் பிள்ள யாரப் பாத்து இம்புட்டுச் சிரிக்கா?” என்று கேட்டாள்.

“என்னையத்தான். நாந்தான எடுத்தேன்.”

அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அண்ணாச்சி வழக்கம்போல நாற்காலியை இழுத்துக்கொண்டு, தன்னைச் சரியாகப் பார்க்கட்டுமென்று அவள் முகத்தோடு முகமாகக் குனிந்தார். இரண்டு வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“மூக்கு மட்டும்தான் இருக்கு” என்றாள் சுகிர்தம். “எந்திரிச்சுப் பின்னால போங்க. இன்னும் போங்க. இன்னும்.”

அவர் மேசையைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, அடுக்களைக் கதவு முதுகில் இடிக்கும்வரை பின்னாலேயே போனார்.

“நில்லுங்க. இப்பம் முழுசாத் தெரியுதீய.” தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவள் முகம் வாடியது. “என்னங்க இது, இப்பிடி மெலிஞ்சு போயிட்டீயளே!”

சாப்பிடக் கூப்பிடும்வரை அண்ணாச்சி அந்தக் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.