பின்னால் கட்டிய கை

கம்பத்தில் கடல் கிடையாது. ஆனாலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்கிறேன். தண்ணீரைச் சோதிக்கத் தேனியிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். தொட்டியருகே சும்மா நிற்கும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அன்று காலையிலிருந்து பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. உப்பு, கால்சியம், நைட்ரேட் எல்லாம் பார்த்தார்.

"சத்து கொறையவும் இல்ல, கூடவும் இல்ல" என்றவர், தோட்ட வேலையில் நீலக்கறை படிந்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"திராட்சைக்கு என்னண்ணே அடிச்சீக?"

"மயில்துத்தமும் சுண்ணாம்பும். நேத்து."

"அந்தக் கையத் தொட்டிக்குள்ள விட்டீகளா?"

முந்தின மாலை, சாய்ந்த பவளமொன்றை நிமிர்த்தி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கழுவிட்டுத்தான் விட்டேன்" என்றேன்.

அவர் இன்னொரு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டவிட்டார். இருவரும் அதையே பார்த்து நின்றோம். தண்ணீர் மெல்ல நீலமானது.

"துத்தத்துல செம்பு இருக்கு. கொடியக் காப்பாத்தும், இதக் கொன்னுரும்."

பாதித் தண்ணீரை மாற்றி, செம்பை உறிஞ்சும் கரிப் பையை உள்ளே இறக்கினார். பிழைக்குமா என்று கேட்டேன்.

"மூணு நா போகட்டும்."

வாசலில் கை கொடுக்க நீட்டினேன். அவர் கைகள் பின்னாலேயே இருந்தன.

"கோவிச்சுக்கிடாதீகண்ணே. இன்னும் ரெண்டு தொட்டி பாக்கணும்."